ஒன்பதாம் நம்பர் கட்டில் கேட்ட கேள்வி

ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நம்பர் கட்டில் ஒன்று இருந்தது. மனிதர்களில், அதில் படுத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அதன் பேச்சு கேட்கும். எத்தனையோ பேரைச் சுமந்திருந்தாலும் மாரிக்கனியிடம் அதற்குத் தனிப் பிரியம். புடவைக்கடையில் நாள் முழுக்க நின்று வியாபாரம் பார்க்கிறவள். இருதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, மூச்சு முட்ட வந்தவள், பத்தே நாளில் தேறிவிட்டாள்.

வீட்டுக்குப் போகிற அன்று டிஸ்சார்ஜ் சீட்டு மிடுக்காக வந்து சேர்ந்தது. நர்ஸ் ஜெசிந்தா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

"காலையில நீர் மாத்திரை ஒண்ணு. உப்பைக் குறைங்க. பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சிஸ்டர்."

புரியவில்லை என்று எந்த நோயாளிதான் சொல்லியிருக்கிறார்?

வீட்டுக்குப் போன பதினோராம் நாளே அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். கால் இரண்டும் பழையபடி வீங்கிக் கிடந்தன. கட்டில் பதறிக் கேட்டது.

"ஏன் தாயி, மாத்திரை போடலையா?"

"அதைப் போட்டா மத்தியானத்துக்குள்ள ஆறு தடவ ஒண்ணுக்குப் போவணும். கடையில ஒரு தடவைக்கு மேல விடமாட்டாவ. வேலைக்குப் போற நாளெல்லாம் போடாம விட்டுட்டேன்."

"டாக்டர்ட்ட சொல்லலாம்லா?"

"ஆம்பளை டாக்டர்ட்ட இதை எப்படிச் சொல்ல? அவரும் கேக்கல."

அவளோடு திரும்பி வந்திருந்த சீட்டின்மேல் கட்டில் எரிந்து விழுந்தது. "இவள் எங்கே வேலை பார்க்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், வேலை முடிந்து வந்தபின் போடுகிற மாதிரி நேரத்தை மாற்றிக் கொடுத்திருக்கலாமே!"

"அதற்கு என்னிடம் கட்டம் இல்லை," என்றது சீட்டு. "'அறிவுரை கூறப்பட்டது' என்று எழுதியிருக்கிறது, பார். அதோடு என் வேலை முடிந்தது."

இரண்டாம் முறையும் அதே சீட்டுதான் போனது. தேதி மட்டும் புதிது.

மூன்றாம் முறை அவள் பேசவே இல்லை. கட்டில் என்னென்னவோ கேட்டுப் பார்த்தது. சாப்பாட்டு வண்டி வருவதற்குள் மாரிக்கனியின் மூச்சு நின்றுவிட்டது. 'நோயாளி அறிவுரையைப் பின்பற்றவில்லை' என்று யாரோ எழுதினார்கள். கட்டிலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அடுத்து வந்தவர் ஒரு லாரி டிரைவர். அவருக்கும் அதே நோய், அதே மாத்திரை. தேறி எழுந்து, பையோடு கதவருகே நின்றார். ஜெசிந்தா சீட்டை நீட்டி, "புரிஞ்சுதா?" என்றாள். அவர் தலையாட்டினார்.

கட்டிலால் பொறுக்க முடியவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தியது. "கேளுங்கள்! இவர் பொழுதெல்லாம் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள்!"

ஜெசிந்தா திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கட்டில் என்ன, இந்தக் கிறீச்சு கிறீச்சுது! மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விடச் சொல்லுங்க."

அன்றைக்கே விட்டார்கள்.