ஆலடியில் இல்லாத கல்

முன்னொரு காலத்தில் வெண்ணாவலூரைத் தலைநகராகக் கொண்டு அதிவீரன் என்றோர் அரசன் ஆண்டுவந்தான். நிறைசூலியாயிருந்த அரசி பூங்கோதை இறந்த நாள்முதல் அவன் மனம் கோணிப்போயிற்று. அவள் பெயரை உச்சரிப்பவர் நாடு கடத்தப்படுவர் என்று ஆணையிட்டான். பிறகு, தேரோட நேரான வீதிகள் வேண்டும் என்றொரு பித்து அவனைப் பிடித்தது.

கட்டட அதிகாரி வச்சிரராயருக்கு அமைச்சர் சேந்தனாரைக் கண்டால் ஆகாது. ராயர் நகரப் படத்தை விரித்தார்.

"வீதியோரச் சுமைதாங்கிக் கற்களும் அவற்றின் மரங்களும்தான் தடை, பிரபு. நகருக்கு அவை வெறும் சுமை. அகற்றிவிடலாம்."

வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் பாரம் இறங்கட்டும் என்று, வழிப்போக்கர் சுமையை இறக்கிவைக்க நடும் கல்தான் சுமைதாங்கி. மருதமரத்தடியில் சேந்தனாரின் மகளுக்கும் ஒன்று நின்றது.

"கல் சுமையன்று, ராயரே. சுமையைத் தாங்குவது."

"அமைச்சருக்கு இலக்கணம் வருகிறது. வீதி போடத்தான் வராது."

சபை சிரித்தது.

"நானும் ஒரு படம் வரைகிறேன், மன்னா. பார்த்தபின் வெட்டுங்கள்."

"வரையும். புலம்பல் ஒரு சொல்லும் கூடாது."

"என் வாயிலிருந்து வராது, மன்னா."

நகரெங்கும் நடந்து விசாரித்து வரைந்த அந்தப் படத்தில் கோட்டை இல்லை, கடைவீதி இல்லை. புன்னை, இலுப்பை, மருதம் என்று மரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கல். கல்லருகே ஒரு பெண்ணின் பெயர். அரசனின் விரல் மரம் மரமாக நகர்ந்தது.

"வள்ளியம்மை, சேந்தன் மகள். உம் மகளா?"

"ஆம், மன்னா."

விரல் அரண்மனை வாயில் ஆலமரத்தில் நின்றது. "இங்கே மட்டும் ஏன் கல் இல்லை?"

"விடை சொன்னால் நான் நாட்டைவிட்டுப் போக நேரும்."

விரலை எடுக்காமலே அரசன் மெல்லச் சொன்னான்: "பூங்கோதை."

ராயர் துள்ளி எழுந்தார். "ஆணை மீறப்பட்டது, பிரபு."

"மீறியவரைக் காட்டுங்கள், ராயரே," என்றார் சேந்தனார்.

நீட்டிய விரலை எங்கே வைப்பதென்று தெரியாமல் ராயர் மடக்கிக்கொண்டார்.

"எந்தக் கல்லையும் தொட வேண்டாம். வீதிகள் வளைந்தே போகட்டும்," என்றான் அரசன். "ராயரே, ஆலடிக்குக் கல் வரும்போது நீரும் தோள் கொடும். எது சுமையென்று தெரிந்துகொள்ளலாம்." பிறகு சேந்தனாரின் கைகளைப் பற்றிக்கொண்டான்.

கல் நட்ட மறுநாள், மணிமுடியின்றி ஆலடியில் நின்றான் அரசன். சேந்தனார் சற்று விலகி நின்றார். அவனை அறியாத விறகுக்காரி ஒருத்தி தலைச்சுமையைக் கல்மேல் இறக்கி மூச்சு வாங்கினாள்.

"யாருக்கு வச்ச கல்லு, அண்ணே?"

"என் வீட்டுக்காரிக்கு."

"புள்ளையோடவா?"

"பிள்ளையோட."

அவள் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லாத் தாங்குது, அண்ணே," என்று சொல்லிவிட்டுக் விறகுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.