மையழகி கட்டிய வெள்ளை வேஷம்

ஏரி நடுவே ஒரு மண்திட்டு. அதில் ஒரு கருவேல மரம். மரம் முழுக்கக் கொக்குகள். ஒரே ஒரு கிளையில் மட்டும் மையழகி என்ற நீர்க்காகம் இரண்டு குஞ்சுகளோடு குடியிருந்தது.

கொக்குகளுக்கு நாடகப் பைத்தியம். எந்த நாடகம் போட்டாலும் முட்டை திருடும் வேஷம் மையழகிக்குத்தான்.

"உனக்கு மை பூசுகிற வேலையே இல்லை! பிறக்கும்போதே பூசிக்கொண்டு வந்துவிட்டாய்!" என்று சிரித்தது குழுத் தலைவன் வெள்ளையப்பக் கொக்கு. "சிறகை விரித்து நில். திருட்டு முட்டையை மறைக்கிற மாதிரி!"

நனைந்த சிறகைக் காயவைக்க நீர்க்காகங்கள் அப்படித்தான் நிற்கும். சொன்னால் யார் கேட்கிறார்கள்? கிளை பறிபோய்விடுமே என்று மையழகியும் நடித்தது.

ஒருநாள் நிஜமாகவே ஒரு முட்டை காணாமல் போனது.

"மையழகிதான் எடுத்தது! சிறகை விரித்து மறைத்ததை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம்!"

"எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டது மையழகி.

"நாடகத்தில்தான்!"

உடனே மரத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டன. குஞ்சுகளுக்கு இன்னும் பறக்க வரவில்லை.

"போகிறேன். கடைசியாக ஒரு நாடகம் போட்டுவிட்டுப் போகிறேன்" என்றது மையழகி.

நாடகம் என்றால் கொக்குகள் வேண்டாம் என்றா சொல்லும்? எல்லாம் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தன.

மரத்தடி மண் கொக்கு எச்சத்தால் வெளுத்துக் கிடந்தது. மையழகி அதில் புரண்டு வெள்ளையாக எழுந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒற்றைக் காலில் நின்று, கண்ணைப் பாதி மூடி, "நான் பரம சாது!" என்று முனகியது. ஒரு மீன் அருகே வந்ததும் லபக்கென்று விழுங்கியது.

"அநியாயம்!" என்று துள்ளியது வெள்ளையப்பன். "நாங்கள் ஒன்றும் சாது வேஷம் போடவில்லை! நாங்கள் நிற்பதே அப்படித்தான்!"

"நான் சிறகு காயவைப்பதும் அப்படித்தான்!" என்றது மையழகி.

அப்போது மேலே பார்த்த ஒரு கொக்கு அலறியது. "ஐயோ, என் முட்டை!"

வாயில் முட்டையோடு ஒரு சாரைப்பாம்பு மரத்திலிருந்து நழுவித் தண்ணீரில் இறங்கியது. எல்லாருடைய கண்ணும் மையழகி மேலேயே இருந்ததால், அது ஏறியதை யாரும் பார்க்கவில்லை. அதனாலேயே இந்த முறை மையழகிமேல் பழி போடவும் முடியவில்லை.

வெள்ளையப்பன் தொண்டையைக் கனைத்தது. "போகவேண்டாம், இரு. அடுத்த நாடகத்தில் நீதான் ராணி!"

"ராணி இருக்கட்டும். திருட்டு வேஷம் யாருக்கு?"

மையழகி ஏரியில் முங்கி வெள்ளையைக் கழுவியது. பிறகு தன் கிளையில் ஏறி, சிறகை நன்றாக விரித்துக் காயவைத்தது.

நாமே ஒருவருக்குக் கட்டிவிட்ட வேஷத்தை அவருடைய குணம் என்று நம்பினால், நிஜத் திருடன் நம் வீட்டுக்குள் தாராளமாக வந்து போவான்.