சாலையோரத்து ஆறு ஏக்கர்

"நான் யாருகிட்டயும் கை நீட்டினதில்லைங்க அம்மா. ஆனாலும் பணக்காரன் ஆயிட்டேன். அது எப்படிங்க?"

கேட்டவர் அமைச்சர் சென்னியப்பன். வயது அறுபத்திரண்டு. பதவிக்கு வந்தபின் பவானி ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு அவர் வருவது இதுதான் முதல் முறை.

சுடர்க்கொடி அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் அவருக்குக் குரு. மொச்சை உரித்துக்கொண்டிருந்தவர் முறத்தை அவர் பக்கம் தள்ளினார்.

அமைச்சர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானும் உரிக்கத் தொடங்கினார்.

"என்னங்கண்ணா சேர்ந்துச்சு?"

"புறவழிச்சாலை ஓரமா ஆறு ஏக்கர். ஒப்பந்தக்காரர் ரத்தினசபாபதி என் வீட்டுக்காரி பேருக்குப் பாதி விலையில எழுதிக் கொடுத்தார். நான் கேட்கலைங்க. சாலை வந்ததும் விலை எங்கேயோ போயிருச்சு."

"எதுக்குக் கொடுத்தாராம்?"

"பிரியத்துலதானுங்க."

"நல்லதுங்கண்ணா. அப்புறம் ஏன் முகம் இப்படி வாடிக் கிடக்குது?"

"வர்ற வாரம் வேட்புமனு. சொத்து விவரம் எழுத உட்கார்ந்தேன். அந்த ஆறு ஏக்கர் வந்ததும் பேனா நகரலை. மறுபடி நிக்கத்தான் வேணுமான்னு இருக்குதுங்க."

"அதை ரத்தினசபாபதிகிட்டச் சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"பிரியமானவர்தானே. சொல்லுங்க."

அமைச்சர் போனை எடுத்தார். அம்மாவுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டார்.

"ரத்தினம், இந்தத் தடவை நிக்க வேண்டாம்னு தோணுது."



"அப்படிங்களா? அப்ப உங்க தொகுதியில யாருங்க நிக்கறாங்க?"

வேறு ஏதாவது கேட்பார் என்று சென்னியப்பன் காத்திருந்தார். உடம்புக்கு என்ன, மனசுக்கு என்ன, இப்படி ஏதாவது.

ரத்தினசபாபதி வேறெதுவும் கேட்கவில்லை.

போனை வைத்தபின் அமைச்சரின் கை மொச்சைப் பக்கம் போகவே இல்லை. அம்மா எழுந்து உள்ளே போனார். ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"வாங்கின விலைக்கே திருப்பிக் கொடுத்தர்றேனுங்க" என்றார் சென்னியப்பன். "ஆனா தெய்வானை பேருல இருக்குது. அவ சம்மதிக்கோணும். மனசு நொந்துக்குவாளோன்னுதான் பயமா இருக்குது."

"கேட்டுப் பாருங்கண்ணா."

மனைவியைப் போனில் அழைத்தார்.

"தெய்வானை, அந்த ஆறு ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தர்லாமா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழுவறயா? உனக்கு இஷ்டமில்லைன்னா விட்டுர்லாம்."

"அதுக்கில்லைங்க. பத்திரம் கைக்கு வந்த அன்னைக்கே வேண்டாம்னு சொல்லத்தான் நினைச்சேன்."

"முப்பத்தஞ்சு வருஷமா எதையும் எங்கிட்ட நீ மறைச்சதில்லையே. ஏன் சொல்லலை?"

"வீட்டுக்காரர் வந்திருந்தாச் சொல்லியிருப்பேனுங்க" என்றாள் தெய்வானை. "தினமும் அமைச்சர்தானே வந்துட்டு இருந்தார்."