மூன்று நாடு பார்த்த சுள்ளிமேட்டு வீட்டுவண்டி

சுள்ளிமேட்டுக்காரர்களை முட்டாள்கள் என்று பக்கத்து ஊர்களில் சொல்கிறார்கள். அவர்கள் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்கிறார்கள். கூடவே இருந்து பார்த்தால் இன்னும் பலமாகச் சொல்வார்கள்.

அந்த ஊர் வழியாகப் புதிதாய் ஒரு பெரிய சாலை போட்டார்கள். சாலை வந்ததும் வீட்டுவண்டிகள் வந்தன. உள்ளேயே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டு நாடு நாடாகச் சுற்றுகிறவர்களின் வண்டிகள். எல்லாம் சர்ரென்று போயின. ஒன்றுகூடச் சுள்ளிமேட்டில் நிற்கவில்லை. தலைவர் ராக்கப்பனுக்கு இது தாங்கவில்லை. கண்மாய்க்கரைப் பொட்டலைச் சுத்தம் செய்து, ‘வண்டித்தங்கல்’ என்று பலகை மாட்டி, அதற்குப் பொறுப்பாளராக அஞ்சுகத்தைப் போட்டார்.

அஞ்சுகத்துக்குப் பதினேழு வயசு. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை எழுத மாட்டேன் என்று பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவள். ஊரில் மூளை உள்ளவள் தான் ஒருத்திதான் என்று எண்ணி வைத்திருந்தாள். எண்ணுவதில் அவள் எப்படி என்று இப்போதுதான் சொன்னேன்.

“இந்தா பாரு அஞ்சுகம்,” என்றார் தலைவர். “ஆவணி ஒண்ணாந்தேதி தெறக்கிறோம். அன்னைக்கு வர்ற மொத வண்டிக்காரங்க நோட்டுல நல்லபடியா எழுதிட்டுப் போனா வேலை ஒனக்குத்தான். ஒரு குறை எழுதினாங்கன்னு வையி, மறுநாளே டுடோரியல்ல ஒக்காந்து கணக்குப் படிக்கணும். ஒங்கப்பன் எடம் புடிச்சு வச்சிருக்கான்.”

டுடோரியல் என்றதும் அவளுக்கு உடனே ஒரு யோசனை வந்தது. “மத்த நாட்டுல எல்லாம் வீட்டுவண்டிக்காரங்கள எப்படி வாங்கன்னு சொல்றாங்கன்னு நேர்ல பாத்துட்டு வந்துர்றேன் தலைவரே. அப்புறம் நம்மள அடிச்சுக்க ஆள் கிடையாது,” என்றாள்.

ஓடாமல் நின்ற மினி பஸ் ஒன்றை ரிப்பேர் பார்த்து, சீட்டுகளைக் கழற்றிவிட்டு நாலு கயிற்றுக்கட்டில் போட்டார்கள். ஓட்டுவதற்குச் சித்தப்பா வீரணன். சமைப்பதற்கு அத்தை ஒச்சம்மா. அளவெடுப்பதற்கு டெய்லர் முத்திருளன். வெளிநாட்டில் எதை அளக்கப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. டேப் அவர் கழுத்திலேயே கிடந்ததால் அவரும் வர வேண்டியதாயிற்று.

மூன்று நாடுகள் சுள்ளிமேட்டுக்குப் பக்கம்தான். கதை என்றால் பக்கமாகத்தான் இருக்கும்.

முதலில் நிரைநாடு. அங்கே மரங்கள்கூட வரிசையில் நின்றன. மைதானத்தில் வண்டியை நிறுத்தியதும் ஒரு காவலர் வந்து விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார்.

“வாங்க. எங்க நாட்டுல வண்டியில குடியிருக்கக் கூடாது. ஆனா ஓட்டிக் களைச்சுப் போனவங்க, களைப்புத் தீர ஒரே ஒரு ராத்திரி தூங்கிக்கலாம்.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அஞ்சுகம் வீரணனிடம் திரும்பினாள்.

“சித்தப்பா, களைப்பா இருக்கா?”

“இல்லியேம்மா. ஒரு மணி நேரந்தானே ஓட்டினேன். நடுவுல டீ வேற குடிச்சோம்.”

“அப்ப நாம தூங்கினா அது திருட்டுத் தூக்கம்,” என்றார் முத்திருளன்.

வெளிநாட்டில் வந்து திருட்டுப் பட்டம் வாங்கலாமா? நால்வரும் மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். ஒச்சம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்பது சுற்று ஓடினாள். நாக்கு வெளியே தள்ளிய பிறகுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

“ஏண்டா வீரணா, களைச்சது நாம. நிக்கப்போறது வண்டியில்ல?”

சரியான கேள்வி. வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். தள்ளியதில் களைத்ததும் அவர்கள்தான். வண்டி சொகுசாக உருண்டது.

“நாம அதைத் தள்ளினா நமக்குக் களைப்பு,” என்றாள் அஞ்சுகம். “அது நம்மளைத் தள்ளட்டும்.”

கியரை எடுத்துவிட்டு, வண்டியைச் சரிவில் நிறுத்தி, அதற்கு முன்னால் நால்வரும் நின்றார்கள். வண்டி நன்றாகத்தான் துரத்தியது. காவலரின் வேலியில் போய் மோதி நின்றபோது அதன் மூக்கிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது. “பாவம், அதுக்கும் மூச்சு வாங்குது,” என்று முத்திருளன் தட்டிக்கொடுத்தார். திருப்தியாகப் படுத்தார்கள்.

காலையில் காவலர் வந்தார். “களைப்புத் தீந்துச்சா?”

“எங்கய்யா? எந்திரிக்கவே முடியல.”

“அப்படின்னா நீங்க வண்டி ஓட்டக் கூடாது.”

“சரிங்கய்யா, இருந்துட்டே போறோம்.”

“ஒரு ராத்திரி முடிஞ்சுபோச்சு. இருக்கவும் கூடாது.”

ஓட்டவும் கூடாது, இருக்கவும் கூடாது. ஆகவே எல்லை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள். வழியில் அஞ்சுகம் தலைவருக்குப் போன் போட்டாள்.

“தலைவரே, எழுதிக்கங்க. தங்குறவங்க களைச்சிருக்கணும்.”

“களைக்காம வந்தா?”

“ஓட விடணும்.”

“ஓட விட்ருவோம்,” என்றார் தலைவர்.

அடுத்தது கரைநாடு. கடலோரம், காற்று, மணல் எல்லாம் அருமை. ஆனால் வண்டி நிறுத்துமிடத்து வாசலில் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. முத்திருளன் டேப்பை எடுத்தார். கம்பி உயரம் ஆறரை அடி. வண்டி ஒன்பதடி.

“ரெண்டரை அடி புடிச்சுத் தச்சாத்தான் உள்ள போகும்,” என்றார்.

“தகரத்த எப்படிண்ணே புடிச்சுத் தைக்கிறது?”

“அதான் யோசிக்கிறேன். துணின்னா அரை மணி நேர வேலை.”

அஞ்சுகத்துக்குப் பொறுமை கிடையாது. “இதுக்குப் போயி என்னண்ணே யோசனை? கம்பி தாழ்வா இருந்தா மனுசன் என்ன செய்வான்? குனிவான். எல்லாரும் குனிங்க.”

எல்லாரும் குனிந்தார்கள். ஓட்டிக்கொண்டிருந்த வீரணனும் குனிந்தார். படாரென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் ஆகாயம் தெரிந்தது. கூரை பின்னால் தரையில் கிடந்தது.

“பாத்தீங்களா, ஒருத்தர் தலையிலயும் படல,” என்றாள் அஞ்சுகம்.

சத்தம் கேட்டு ஒரு அதிகாரியம்மா வந்தார். கூரையைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். “சரி, நிறுத்திக்கோங்க. ஆனா வண்டியத் தாண்டி வெளியில ஒண்ணும் இருக்கக் கூடாது. நாற்காலி, பாய், துணிக்கயிறு எதுவுமே. புரியுதா?”

நன்றாகப் புரிந்தது. வெளியே கிடந்த கூரையை மடக்கிக் கட்டிலுக்கு அடியில் திணித்தார்கள். செருப்பை உள்ளே எடுத்தார்கள். அப்போதுதான் முத்திருளன் எட்டிப் பார்த்து, “அய்யய்யோ, நிழல்!” என்றார்.

வண்டியின் நிழல் வெளியே விழுந்து கிடந்தது. அளந்தார். நாலேகால் அடி கூடுதல்.

“நிழல் நம்மளதா, சூரியனோடதா?” என்று கேட்டாள் ஒச்சம்மா.

“வண்டி வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்துச்சா?” என்று திருப்பிக் கேட்டார் முத்திருளன்.

“இல்ல.”

“அப்ப நம்மளதுதான்.”

வண்டியை முன்னால் நகர்த்தினார்கள். நிழலும் வந்தது. திடீரென்று பின்னால் எடுத்து ஏமாற்றிப் பார்த்தார்கள். நிழல் ஏமாறவில்லை. உச்சி வெயில் வந்தபோது அது தானாகவே வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நால்வரும் கைதட்டினார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் ஒச்சம்மா கருவாடு வறுத்தாள். மிளகாயும் தாராளமாகப் போட்டாள். வாசனை போனது பாருங்கள், நேரே கடற்கரைக்கு.

“அத்தை! வாசனை வெளிய போகுது!”

தார்ப்பாயை மேலே போட்டு மூடி, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார்கள். வாசனை உள்ளேயே நின்றது. புகையும் நின்றது. உள்ளே நால்வரும் இருமிய இருமலில் வண்டி ஆடியது. யாருக்கோ உயிர் போகிறது என்று அதிகாரியம்மா ஓடிவந்து தார்ப்பாயை விலக்கினார். உள்ளேயிருந்த மொத்தக் காரமும் அவர் முகத்தில் வந்து அறைந்தது.

பேச முடியாமல் அவர் கையை மட்டும் நீட்டி ரோட்டைக் காட்டினார்.

“கெளம்பறது நல்லதுதான்,” என்றார் வீரணன். “நிழலும் மெதுவா வெளிய வர ஆரம்பிச்சிருச்சு.”

அஞ்சுகம் போன் போட்டாள். “தலைவரே, வாசல்ல குறுக்க ஒரு கம்பு கட்டுங்க. எல்லாரும் குனிஞ்சு வரணும். அப்புறம், கருவாடு வண்டிக்குள்ளயே இருக்கணும்.”

“எந்தக் கருவாடு?”

“எந்தக் கருவாடா இருந்தாலும்.”

மூன்றாவது மலைநாடு. அங்கே பலகை இல்லை, கம்பி இல்லை, காவலரும் இல்லை. நம்மாட்களுக்குப் பயமாகிவிட்டது. எதைச் செய்யக் கூடாது என்றே சொல்லாத ஊரில் எப்படி இருப்பது? ஒரு பழத்தோட்டத்து ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள்.

தோட்டக்காரரும் அவர் மனைவியும் ஒரு கூடைப் பழத்தோடு வந்தார்கள். “இங்க எங்க வேணும்னாலும் நிறுத்திக்கலாம், எத்தன நாள் வேணும்னாலும் இருக்கலாம். குளிருதே, வீட்டுக்குள்ள வாங்க. இத உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க.”

போனார்கள். நினைத்தார்கள். நன்றாக உட்கார்ந்து, மனசு ஒப்பி நினைத்தார்கள்.

சாயங்காலத்துக்குள் ஒச்சம்மா அடுப்பங்கரையில் ஏனங்களை எல்லாம் தன் வசதிக்கு மாற்றி அடுக்கினாள். வீரணன் பெரிய கட்டிலைப் பிடித்தார். ஜன்னல் திரை வீணாகத் தொங்குகிறதே என்று முத்திருளன் அதை வெட்டித் தனக்கு ஒரு சட்டை தைத்தார். அஞ்சுகத்துக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது.

“சித்தப்பா, நம்ம வீட்டுல இந்த ரெண்டு பேரும் எத்தன நாளா இருக்காங்க?”

“ரொம்ப நாளா இருப்பாங்க போல. செவுத்துல போட்டோ எல்லாம் மாட்டியிருக்காங்க.”

அவள் போய் நயமாகக் கேட்டாள். “வெரட்டறோம்னு நெனைக்காதீங்க. நீங்க எப்பக் கெளம்புறீங்க?”

அந்த மனுஷனுக்கு விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு மனைவியோடு வெளியே போனார். போக்கிடம் வேறு ஏது? கூரையில்லாத மினி பஸ்ஸில் ஏறிப் படுத்துக்கொண்டார்கள்.

காலையில் அஞ்சுகம் ஜன்னலைத் திறந்தாள். “அத்தை, நம்ம தோட்டத்துல யாரோ வீட்டுவண்டிய நிறுத்தியிருக்காங்க!”

பொறுப்பாளர் அல்லவா, ஓடிப்போய் முறைப்படி விசாரித்தாள். “வாங்க, வாங்க. களைச்சிருக்கீங்களா?”

“ரொம்ப,” என்றார் தோட்டக்காரர். ராத்திரி முழுக்கப் பனி.

“அப்ப இருக்கலாம்.”

ஆனால் மறுநாள் ஆவணி ஒன்று. ஊர் திரும்ப வண்டி வேண்டும். இவர்களை இறக்கிவிட்டால் பாவம் எங்கே போவார்கள் என்று நால்வரும் கலந்து பேசினார்கள். கடைசியில் வீரணன் வீட்டுச் சாவியைத் தோட்டக்காரர் கையில் வைத்து, “நாங்க வர்ற வரைக்கும் இத உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க,” என்றார். தோட்டக்காரரின் கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லை தாண்டும் வரை தங்கள் பெருந்தன்மையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

அஞ்சுகத்தின் மனசு மட்டும் வேறு கணக்கில் இருந்தது. எந்த நாடு நல்ல நாடு என்று யோசித்துக்கொண்டு வந்தாள். ஒரு நாடு ஓடவைத்தது, ஒரு நாடு இருமவைத்தது, ஒரு நாடு வீட்டையே கொடுத்தது. ஆனாலும் மூன்றிலும் யாரோ ஒருவர் நேரில் வந்து முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். ரோட்டைக் காட்டினாலும் முகத்தைப் பார்த்துத்தான் காட்டினார்கள். வரவேற்பு என்றால் அதுதான் என்று முடிவு கட்டினாள். அவள் வாழ்க்கையில் சரியாகப் போட்ட ஒரே கணக்கு அது.

ஆவணி ஒன்றாந்தேதி சாயங்காலம் ஊருக்குள் நுழைந்தால் மேளம், மாலை, ஆரத்தி. வாசலில் மூங்கில் கம்பு கட்டியிருந்தது. கூரை போன வண்டி தாராளமாக நுழைந்தது; ஆனாலும் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். ஊர்ச்சனம் முழுக்க மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. வருகிறவர்கள் களைக்காமல் வந்துவிட்டால் பதிலுக்குக் களைக்க ஆள் வேண்டுமே என்று தலைவர் காலையிலிருந்து ஊரையே ஓடவிட்டிருந்தார்.

“ஏம்மா, அஞ்சுகமா?”

“நான்தான் தலைவரே. வேற வண்டி ஏதாச்சும் வந்துச்சா?”

“ஒண்ணும் வரல.”

“அப்ப மொத வண்டி?”

தலைவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். “ஒன்னுதுதான். அப்ப நீதாம்மா விருந்தாளி.” மாலை அவள் கழுத்தில் விழுந்தது.

கூட்டத்திலிருந்து அவள் அம்மா, “அடியே, கொழம்பு ஆறுது, வீட்டுக்கு வாடி!” என்றாள்.

ஒச்சம்மா பதறிப்போய்க் கையைக் காட்டினாள். “வண்டிக்காரங்கள மட்டும் வீட்டுக்குக் கூப்பிட்டுறாத மதினி. அப்புறம் ஒன் வீடு ஒனக்கில்ல. பாத்துட்டுத்தான் வர்றோம்.”

குழம்பு வண்டிக்கே வந்தது. நால்வரும் அங்கேயே தங்கினார்கள்.

விடிந்ததும் தலைவர் நோட்டோடு வந்தார். வீரணன் ‘அருமை’ என்று எழுதினார். ஒச்சம்மா கைநாட்டு வைத்தாள். முத்திருளன் கம்பின் உயரத்தைப் பாராட்டி எழுதினார். நோட்டு அஞ்சுகத்திடம் வந்தது. ஊரே அவள் பேனாவைப் பார்த்தது. நல்லபடியாக எழுதினால் வேலை. குறை எழுதினால் டுடோரியல். எல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஆனால் அஞ்சுகத்துக்குப் பொய் எழுத வராது. பரீட்சையிலேயே, தெரியாத கேள்விக்கெல்லாம் ‘தெரியாது’ என்று தெளிவாக எழுதிவிட்டு வந்தவள்.

எழுதினாள்: ‘இடம் சுத்தம். குழம்பு எங்க வீட்டுக் குழம்பு மாதிரியே இருந்தது. ஆனால் இந்தத் தங்கலுக்குப் பொறுப்பாளர் என்று ஒருத்தி இருக்கிறாளாம். நாங்கள் வந்ததிலிருந்து அவள் வாசலுக்கு வந்து வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று நாடு சுற்றிவிட்டோம், இப்படி எங்கேயும் பார்த்ததில்லை.’

தலைவர் படித்தார். முகம் சுண்டிப்போயிற்று. “இது பெரிய குறையாச்சேம்மா.”

“பெரிய குறைதான் தலைவரே.”

“அவள வேலையவிட்டுத் தூக்க வேண்டியதுதான் போல.”

“தூக்குங்க. எரக்கமே பாக்காதீங்க. இப்படிப்பட்ட ஆளாலதான் நம்ம ஊர்ல ஒரு வண்டியும் நிக்கல.”

பத்து மணிக்கு அஞ்சுகத்தை வேலையிலிருந்து எடுத்தார்கள். பதினொன்றுக்குள் அந்தக் காலி இடத்துக்கு முதல் மனு வந்துவிட்டது. அஞ்சுகமே கைப்பட எழுதியிருந்தாள்: ‘முன்னால் இருந்தவளைப் போல நான் இருக்க மாட்டேன். சந்தேகமிருந்தால் நாளையிலிருந்து அவள் டுடோரியலில்தான் இருப்பாள், நேரில் போய்க் கேட்டுக்கொள்ளவும்.’