வார்னிஷ் டின்னுக்குப் பின்னால்

"சாமி, எனக்கு நெட்டு வேணுங்க" என்றாள் கோகிலாமணி.

மடத்துக்கு வருகிறவர்கள் முக்தி கேட்பார்கள், மழை கேட்பார்கள், மகளுக்கு மாப்பிள்ளை கேட்பார்கள். நெட்டு கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

சின்னச்சாமி சிரிக்கவில்லை. அவருக்கு வயது முப்பத்தொன்று. காவி கட்டுவதற்கு முன்னால் தோளில் ஏணியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கேபிள் இழுத்த மனிதர். கோகிலாமணி அவரைவிடப் பதிமூன்று வயது மூத்தவள். ஆனாலும் மனசில் இருப்பதை அவரிடம்தான் கொட்டுவாள்.

"வீட்ல இல்லீங்களாம்மா?"

"வீட்ல இருக்குதுங்க. பட்டறைல இல்லீங்க."

வீட்டின் பின்புறம் நாற்பதடி வெற்றிடம். அதைத் தாண்டி, நாலு பக்கமும் தகரம் அடித்த பட்டறை. எரிந்துபோன மோட்டார்களுக்கு அங்கே உட்கார்ந்துதான் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவாள். அவள் கட்டிய மோட்டார் ரிப்பேர் என்று திரும்பி வந்த சரித்திரமே கிடையாது. அதைக் கேள்விப்பட்டு எட்டு ஊரிலிருந்து எட்டுப் பெண்கள், "எங்களுக்கும் கத்துக்குடுங்கக்கா" என்று கேட்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போனிலேயே வகுப்பு.

இரண்டு வியாழன் ஆரம்பித்தாள். இரண்டும் பாதியிலேயே படுத்துவிட்டன. இவள் வாய் அசைந்ததாம், சத்தம் வரவில்லையாம்.

"நாளைக்கும் அறுந்துச்சுன்னா அவ்வளவுதானுங்க சாமி. அதுல மூணு பேரு வீட்ல ஏதோ பொய்யைச் சொல்லிட்டு வந்து உக்கார்றாங்க. பாவம், எத்தன வாரம் சொல்லுவாங்க?"

"மோட்டாரைத் தூக்கி வீட்டுக்குள்ள வெச்சுக்குங்க."

"அறுபது கிலோங்க! அதில்லாம, வீட்டுக்குள்ள மச்சாண்டார் இருக்காருங்க."

மச்சாண்டார் என்றால் புருஷனின் அண்ணன், ராக்கியப்பன். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். தம்பி பெண்டாட்டி அவர் எதிரே வந்து நிற்கக்கூடாது, அவரோடு பேசவும் கூடாது. கோகிலாமணி சொல்வதைப் புருஷன் நாச்சிமுத்து அண்ணனிடம் கொண்டுபோவான். அண்ணன் சொல்வதை இவளிடம் கொண்டுவருவான். கல்யாணமாகி வந்து பத்தொன்பது வருஷமாக இதே கூத்துதான்.

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"எங்க வீட்டுக்காரரைக் கேக்கச் சொன்னேனுங்க."

"அவரு என்ன கேட்டாரு?"

"அண்ணன் முன்னாடி போனா அவருக்கு வாயே வராதுங்க. போனாரு, நின்னாரு, வந்துட்டாரு."

"சரி. அப்புறம்?"

அவள் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது. "சிக்னலை வாங்கித் தள்ளிவிடற பொட்டி ஒண்ணு வாங்கினேனுங்க. ரிப்பீட்டரு."

"எங்க மாட்டியிருக்கீங்க?"

"பட்டறைலதான். வார்னிஷ் டின்னுக்குப் பின்னால."

"அங்க போன்ல எத்தன கோடு காட்டுது?"

"ஒரு கோடுகூட இல்லீங்க. அதுக்குத்தானே பொட்டி!"

சாமி எழுந்து நடந்தார். இவளும் பின்னாலேயே போனாள்.

புதன்கிழமை என்றால் மடத்தில் அன்னதானம். கூடத்தில் இரண்டு வரிசை, அத்தனையும் ஆம்பளைகள், இலையில் சோறு விழுந்து சாம்பாருக்குக் காத்திருந்தார்கள். சாம்பார் அண்டா ஒரு கோடியில் இருந்தது. சாமி அவளை மறுகோடிக்குக் கூட்டிப்போய், காலி வாளி ஒன்றையும் கரண்டியையும் கையில் கொடுத்தார்.

"இங்க நின்னு பரிமாறுங்கம்மா."

அவளுக்குச் சுள்ளென்று ஏறியது. "நெட்டைப் பத்திக் கேட்டா கரண்டியைக் குடுக்கறீங்களே! என்னையப் பாத்தா எல்லாருக்கும் சோறு போடச் சொல்லத்தான் தோணுமாட்டிருக்குது!"

"அவங்களுக்குப் பசிக்குதும்மா."

"வாளில ஒண்ணுமே இல்லீங்க!"

"அப்படீங்களா?" என்று வாளியை எட்டிப் பார்த்தார் சாமி.

இந்த ஆளோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று அவள் விறுவிறுவென்று நடந்தாள். இரண்டு வரிசைக்கும் நடுவே, இலைகளுக்கு ஓரமாகப் புடவையை ஒதுக்கிப் பிடித்தபடி, அந்தக் கோடிவரைக்கும். உட்கார்ந்திருந்த அத்தனை ஆம்பளைகளும் அண்ணாந்து அவளைப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று வாளி நிறைய மொண்டுகொண்டு திரும்பி வந்தாள்.

சாமி கேட்டார்: "இங்க நின்னு பரிமாறத்தானே சொன்னேன். அத்தன பேரு நடுவுல எதுக்கும்மா போனீங்க?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! சாம்பாரு அங்கதானே இருக்குது!"

கரண்டி வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் அவரையே பார்த்தாள்.

"ஆறுதும்மா" என்றார் சாமி. "போடுங்க."

பஸ்ஸில் வரும்போது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. சிக்னலே இல்லாத இடத்தில் பெட்டி எதை வாங்கித் தள்ளும்? டின்னுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது சிக்னலுக்காகவா? மச்சாண்டார் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்றுதானே! சீ என்று இருந்தது.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்குப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வீட்டின் பின்தாழ்வாரத்துக்கு வந்தாள். அங்கே போனில் மூன்று கோடு காட்டியது. அங்கிருந்து பார்த்தால் பட்டறைக் கதவு நேர் எதிரே. சுவரில் ஒரு பிளக் இருந்தது. அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு ராக்கியப்பன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாச்சிமுத்து காபி டம்ளரோடு நின்றான்.

அவள் அவர் தலைக்கு மேலே கையை நீட்டிப் பெட்டியைச் செருகினாள். பச்சை லைட் எரிந்தது.

ராக்கியப்பன் பேப்பரை மடித்தார். அவளைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தார்.

"டேய், யாரைக் கேட்டு இதை இங்க மாட்டறாள்னு கேளு."

நாச்சிமுத்து அவள் பக்கம் திரும்பினான். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"நீங்க கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் அவனிடம்.

நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். அவரை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்றுகூடச் சட்டென்று ஓடவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அதற்கு வேலையே வந்ததில்லை.

"யாரையும் கேக்கலீங்க மாமா" என்றாள். "பத்து மணிக்கு எனக்கு வகுப்பு இருக்குதுங்க. வேண்டாம்னா நீங்களே எந்திரிச்சுக் கழட்டிப்போடுங்க. நான் மறுபடி மாட்டுவேன். இதே எடத்துலதான் மாட்டுவேன்."

பதிலுக்கு அவள் நிற்கவில்லை.

எப்போதும் சாத்தியே கிடக்கும் பட்டறைக் கதவு. தகரத்தைத் தாண்டி சிக்னல் எப்படி வரும்? இரண்டு பக்கமும் முழுசாகத் தள்ளித் திறந்து, பக்கத்துக்கொரு செங்கல் முட்டுக் கொடுத்தாள். மோட்டாருக்கு எதிரே போனை நிறுத்திவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பத்து மணி. எட்டு முகமும் வந்தன.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுங்கக்கா!"

அவள் முதல் காயிலைக் கையில் எடுத்தாள். கம்பி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் பொய் சொல்லிவிட்டு வருகிறவர்களில் ஒருத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, கதவு தொறந்து கெடக்குதுங்க. பின்னாடி தாழ்வாரத்துல ஒருத்தரு எந்திரிச்சு நின்னு உங்களையே பாக்கறாருங்க."

கோகிலாமணி திரும்பவில்லை. கம்பியை இழுத்து இறுக்கினாள்.

"பாக்கட்டும்."