பீர்க்கையா, புடலையா?

முன்னொரு காலத்தில் தாழைமேடு என்ற நாட்டை மாறவேந்தர் என்று ஒரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்று சொல்கிறேனே தவிர, அந்த மனுஷர் சிம்மாசனத்தில் நிலையாக உட்கார்ந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. வழக்கு பாதியில் இருக்கும்போதே எழுந்து நடப்பார். வாதியும் பிரதிவாதியும் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே பின்னால் ஓட வேண்டும்.

அந்த வருஷம் அவருக்குப் புதுக் கவலை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது, கால் கனத்தது. மனசு மட்டும் முன்னைவிட வேகமாக ஓடியது.

"சாப்பாட்டில்தான் கோளாறு! தினமும் பீர்க்கங்காய், விட்டால் புடலங்காய். இரண்டில் எது சத்தான காய்? இப்போதே சொல்லுங்கள்!" என்று சபையைப் போட்டு உலுக்கினார்.

அரண்மனை வைத்தியர் சிகாமணிப் பண்டிதர் முந்திக்கொண்டார். "புடலைதான் பிரபு. பீர்க்கை வெறும் நார். தங்களைக் கெடுப்பதே அதுதான். நாட்டில் ஒரு பீர்க்கம் பந்தல்கூட இருக்கக் கூடாது."

பண்டிதருக்குப் பீர்க்கையோடு என்ன பகை? ஒன்றுமில்லை. பகையெல்லாம் பூவாயியோடு. கோட்டையின் மேற்கு வாசலில் பீர்க்கம் பந்தல் போட்டுப் பிழைக்கிறவள் அவள். காய் வாங்க வருகிறவர்களிடம், "வயிறு சரியில்லையா? தோலை வதக்கித் துவையல் அரைச்சுத் தின்னு" என்று இரண்டு வார்த்தை சொல்லுவாள். அவர்களுக்குக் குணமாகிவிடும். பண்டிதரோ வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். வயிறு எரியாதா?

"வெட்டுங்கள் பந்தலை!" என்றார் ராஜா, யோசிக்காமல்.

செய்தி கேட்டதும் பூவாயி சபைக்கே ஓடி வந்தாள். ராஜா தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தார். அவளும் கூடவே ஓடினாள்.

"பூவும் பிஞ்சுமா நிக்குது மகாராஜா! அதை வெட்டினா நான் கஞ்சிக்கு எங்க போவேன்? பீர்க்கையில சத்தில்லைன்னு யாரு சோதிச்சுப் பார்த்தது?"

ராஜா சட்டென்று நின்றார். "சோதிப்போம்! என்னிடம் இரட்டைப் பிறவி மல்லர்கள் இருக்கிறார்கள். ஒருவனுக்குப் பீர்க்கை, ஒருவனுக்குப் புடலை. நாளைக்கே முடிவு!"

"ஒரே நாள்ல தெரியுமா? ஒரு மண்டலமாவது ஆகணும்."

"நாற்பத்தெட்டு நாளா! அதற்குள் நான் பைத்தியமாகிவிடுவேன். பாதி."

"சரி, பாதி. பண்டிதர் அய்யாவே முன்ன நின்னு சமைக்கச் சொல்லட்டும். மடப்பள்ளிக் கழிவை மட்டும் வழக்கம்போல நானே எடுத்துக்கிறேன். இத்தனை நாள் பந்தலுக்கு எருவாப் போட்டேன், இனிமே எங்கிட்ட இருக்கிற நோஞ்சான் எருமைக்கன்னுக்குப் போடறேன்."

பண்டிதர் வாய்விட்டுச் சிரித்தார். மல்லர்களில் ஒருவன், "எங்கே அந்தக் கன்று?" என்று போய், விலா எலும்பு எண்ணும்படி இருந்த அதைத் தோளில் தூக்கிவந்து சபை முன்னால் இறக்கிக் காட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். பூவாயி கன்றை ஓட்டிக்கொண்டு போனாள்.

இருபத்துநாலு நாளும் ராஜா படுத்திய பாடு இருக்கிறதே! காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், மல்லர்களின் புஜத்தை நூல்கயிற்றால் அளப்பார். "ஏறியிருக்கிறதா? இல்லையா?" ஏறவில்லை. நாளுக்கு நாள் இறங்கியது. இரண்டு பேருக்குமே இறங்கியது! பத்தாம் நாள் ராஜாவுக்குத் தூக்கமே போய்விட்டது. பதினைந்தாம் நாள் பண்டிதருக்கும் போய்விட்டது.

கடைசி நாள் மல்லர்கள் மோதினார்கள். மோதினார்கள் என்பதும் மரியாதைக்குத்தான். ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள், பிறகு பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

"பீர்க்கை தின்றவன்தான் முதலில் உட்கார்ந்தான்!" என்று கத்தினார் பண்டிதர். "உத்தரவு கொடுங்கள் பிரபு, பந்தலை வெட்டட்டும்!"

"கொஞ்சம் இருங்க," என்றாள் பூவாயி. அவளுக்குப் பயமில்லாமலா? அவள் பிழைப்பே அந்த நிமிஷத்தில் அல்லவா தொங்கியது! "என் கன்னையும் ஒரு கை பாருங்க."

கன்று வந்தது. கறுகறுவென்று மேனி மின்னியது. அதன் கழுத்துக் கயிற்றை மல்லர்கள் இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். கன்று தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு நடந்தது. இரண்டு பேரும் புழுதியில் கவிழ்ந்தார்கள்.

ராஜா ஓடிவந்தார். "என்ன கொடுத்தாய் இதற்கு? சொல், சீக்கிரம் சொல்!"

"நான் எங்க கொடுத்தேன் மகாராஜா? உங்க மடப்பள்ளிதான் கொடுத்துச்சு. கறி மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையா இருந்தாத்தான் ராஜாவுக்கு ஆகும்னு பண்டிதர் அய்யா சட்டம் போட்டிருக்கார். பீர்க்கையோ புடலையோ, தோலைத் தடிமனா சீவி, குடலை வழிச்சு, மூணு தரம் வேகவெச்சு மூணு தரமும் தண்ணியை வடிச்சுடறாங்க. அந்தத் தோலும் தண்ணியும்தான் இது தின்னுச்சு. உங்க சாப்பாட்டை இத்தனை நாளும் எருமைதான் சாப்பிட்டுச்சு. அது மிச்சம் வெச்சதைத்தான் நீங்க தங்கத்தட்டுல சாப்பிட்டீங்க!"

ராஜா பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் தரையைப் பார்த்தார். ராஜாவுக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் வெட்கம், கடைசியில் அடக்க முடியாத சிரிப்பு.

"அதெல்லாம் சரி, பீர்க்கையா புடலையா? அதைச் சொல்லு!"

"புடலை உடம்புச் சூட்டைத் தணிக்கும். பீர்க்கை நார்க்காய், மலச்சிக்கலை விலக்கும். சண்டை அதுக்குள்ள இல்லை மகாராஜா. அன்னன்னிக்குப் பறிச்சு, அளவா வேகவெச்சு, தண்ணியைக் கொட்டாம தின்னா ரெண்டும் நல்ல காய்தான்."

ராஜா பந்தலை வெட்ட எழுதி வைத்திருந்த உத்தரவு ஓலையைத் தன் கையாலேயே கிழித்தார். "உனக்கு என்ன வேண்டும், கேள்."

"பந்தல் பிழைச்சுது, அது போதும். ஆனா நாளையிலிருந்து தோலையும் தண்ணியையும் நீங்களே சாப்பிட்டுடுவீங்க. என் கன்னு பட்டினி கிடக்குமே?"

"கிடக்காது," என்றார் ராஜா. "பண்டிதரே! ஒரு மண்டலம், தினமும் ஒரு கட்டுப் புல். நீரே அறுத்து, நீரே சுமந்து போய்ப் போடும். பாதியெல்லாம் கிடையாது, முழு மண்டலம்!"

மறுநாள் காலை, தலையில் புல்லுக்கட்டோடு கடைத்தெருவில் போன பண்டிதரை வழியில் ஒருவன் மறித்து, "சாமி, ஒரே அசதியா இருக்கு, ஏதாவது மருந்து சொல்லுங்க" என்று கேட்டான். பண்டிதர் நிற்கக்கூட இல்லை.

"காயை வடிக்காம தின்னுடா!" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார். அவர் கொடுத்த வைத்தியத்தில் முதன்முதலாகப் பலித்தது அதுதான்.