நாச்சிமுத்து வாங்கிய மெமரி கார்டு

திருமூர்த்தி மலை அடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே சீடருக்கு வயது அறுபத்திரண்டு, குருவுக்கு முப்பத்தெட்டு. சீடர் நாச்சிமுத்து, குருவை "அம்மா" என்பார். குரு திலகவதி, சீடரை "ஐயா" என்பார். இந்த வயதுக் கணக்கில் மடத்தில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. நாச்சிமுத்துவுக்குக் குழப்பம் வந்ததெல்லாம் ஒரு மெமரி கார்டில்தான்.

ஒரு நாள் மடத்து போனில் அவருடைய மகள் வளர்மதி பேசினாள். எடுத்தது குரு.

"ஐயா, ஞாயித்துக்கிழமை உங்க மக வர்றாங்களாம். பேத்தியையும் கூட்டிக்கிட்டு."

நாச்சிமுத்து கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே வைத்தார். பிறகு மறுபடி எடுத்தார். மகளைப் பார்த்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது. பேத்தியைப் பார்த்ததே இல்லை. வளர்மதி தனக்குப் பிடித்தவனைச் சொன்ன அன்று வீட்டில் பெரிய சத்தம். மனைவி முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் நடுவில் நின்று தடுக்க ஆள் இல்லை. "எனக்கு மகளே இல்லேன்னு நெனச்சுக்கறேன் போ" என்று இவர் சொல்லிவிட்டார். அவளும் போய்விட்டாள்.

அன்று மாலை குரு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, அவ வந்தா யாருங்க முதல்ல பேசோணும்?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"தெரியலீங்க. அன்னிக்குக் கதவச் சாத்துனது நானா அவளான்னே எனக்குத் தெரியலீங்களே. வாயில வந்தத நான் சொன்னனுங்க. அவ பையத் தூக்குனா. அப்பறம் பாத்தாக் கதவு சாத்தியிருக்குது."

குரு கீரையை உருவிக்கொண்டே இருந்தார்.

"அதான், ஒரு போட்டோ எடுத்துக்கலாமுன்னு பாக்கறனுங்க. கேமராவக் கண்ணுல வெச்சுக்கிட்டாப் பேச வேண்டியதில்லீங்களே."

"கேமரா இருக்கா?"

இருந்தது. வளர்மதி பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வாங்கியது. மடத்துக்கு வந்தபோது இரண்டு வேட்டி, ஒரு சொம்பு, இந்தக் கேமரா இவற்றோடுதான் வந்தார். சந்நியாசம் வாங்க வந்தவருக்குக் கேமரா எதற்கு என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. மடத்திலேயே இருக்கும் எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது.

"கார்டு?"

"நெறஞ்சு கெடக்குதுங்க."

"கொஞ்சம் அழிச்சா இடம் கிடைக்குமே."

நாச்சிமுத்து கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் எம் பொண்ணு வளரு படமுங்க."

"அப்ப புதுசு ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார் குரு.

மறுநாள் உடுமலைப்பேட்டைக்குப் போனவர் சாயங்காலம் தலை கிறுகிறுத்துத் திரும்பினார்.

"ஒரு கார்டு குடுங்கன்னனுங்க. எந்த கார்டுங்கறான். கேமரா கார்டுன்னேன். போட்டோவா வீடியோவாங்கறான். வட்டத்துக்குள்ள பத்துப் போட்டதாங்கறான், வாளியாட்டம் ஒரு எழுத்து, அதுக்குள்ள ஒண்ணு போட்டது வேணுமா மூணு போட்டது வேணுமாங்கறான். பொண்ணுப் பாக்கப் போனப்பக்கூட எங்கிட்ட இத்தனை கேக்கலீங்க."

"கடைசியா எதை வாங்கினீங்க?"

"இருக்கறதுலயே பெரிசுங்க. நூத்தியிருபத்தெட்டு ஜீபி."

"ரெண்டு பேரை எடுக்க அவ்வளவு எதுக்கு?"

நாச்சிமுத்து கார்டை விரலால் தடவினார். பிறகு சொன்னார்: "பயமா இருக்குதுங்க. இருந்தது ஒண்ணு, அதையும் தொலைச்சுட்டு உக்காந்திருக்கறேன். இதுலயாச்சும் எடம் பத்தாமப் போயிரக் கூடாதுங்களே."

கேமராவில் கார்டைப் போட்டார்கள். கார்டு பிழை என்று திரை காட்டியது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். நாச்சிமுத்துவுக்குக் கடை கோணல். கள்ளக் கார்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தார்.

"கேமராகிட்ட கேட்டீங்களா?" என்றார் குரு.

"அதுகிட்ட என்னத்தைங்க கேக்கறது?"

குரு கார்டு போடும் சின்னக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே ஓரத்தில் நாலு எழுத்து. கார்டின் மேலும் நாலு எழுத்து. மூன்று ஒத்துப்போனது, ஒன்று ஒத்துப்போகவில்லை.

"இது அந்தக் காலத்து ஆளு. முப்பத்திரண்டுக்கு மேல தாங்காது."

"பெரிசா இருந்தா நல்லதுதானுங்களே?"

"உங்களுக்கு நல்லது. அதுக்கு?"

நாச்சிமுத்து மறுபடி பஸ் ஏறினார். கடைக்காரர் நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் மாற்றிக்கொடுத்தார். முப்பத்திரண்டில் கேமராவுக்கு நேராகப் பொருந்தும் கார்டு கையிருப்பில் இல்லாததால், விரல்நகம் அளவு கார்டையும் அதைச் செருகிக்கொள்ள ஓர் அடாப்டரையும் ஒரே அட்டையில் வைத்துக் கொடுத்தார். நாச்சிமுத்து சின்னக் கார்டை மட்டும் பிரித்து மடியில் பத்திரமாக முடிந்துகொண்டார். அடாப்டர் வெறும் உறை, பட்டுச்சேலையோடு வரும் அட்டை மாதிரி என்று நினைத்து, கடை வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

நகம் அளவு கார்டைக் கேமராவுக்குள் போட்டதும் அது ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கவிழ்த்துத் தட்டியதில் குருவின் மடியில் வந்து விழுந்தது.

"இதுக்கு ஒரு உறை குடுத்திருப்பாங்களே?"

"அது சும்மா பிளாஸ்டிக்குங்க. உள்ள இருக்கறதுதானே நெசம். நீங்கதான அன்னிக்குச் சொன்னீங்க, ஒடம்பு சட்டை, உள்ள இருக்கறதுதான் நெசமுன்னு."

குரு சிரித்துவிட்டார். அவர் சிரித்து மடத்தில் பலபேர் பார்த்ததில்லை.

"நெசந்தான். ஆனா சட்டையில்லாம உங்களை டவுன் பஸ்ஸுல ஏத்துவாங்களா?"

அடுத்த முறை நாச்சிமுத்துவைப் பார்த்ததும் கண்டக்டரே ஊர் பேரைக் கேட்காமல் உடுமலைக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் அடாப்டர் வந்தது. கார்டை அதற்குள் செருகி, அதைக் கேமராவுக்குள் போட்டு, முற்றத்து வேப்பமரத்தை ஒரு படம் எடுத்தார். மரம் படத்தில் விழுந்தது. அவ்வளவு நாள் குழப்பமும் தீர்ந்துவிட்டதாக நினைத்து, உறை கைக்குப் பழக வேண்டும் என்று எடுப்பதும் போடுவதுமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வளர்மதி வந்தாள். தோளில் ஒரு பை, இடுப்பில் குழந்தை. இளைத்திருந்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். அவள் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்தாள். குழந்தை இறங்கி வந்து நாச்சிமுத்துவின் காலருகே நின்று அண்ணாந்து பார்த்தது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

"அப்புச்சி?" என்றது.

மகள் வயிற்றுக் குழந்தை அம்மாவின் அப்பனைக் கூப்பிடும் சொல். அந்தச் சொல்லால் தன்னை ஒருவரும் கூப்பிடப்போவதில்லை என்றுதான் அவர் ஐந்து வருஷமாக நினைத்திருந்தார். கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

பொத்தானை அமுக்கினார். படம் விழவில்லை. கார்டு பூட்டியிருக்கிறது என்று திரையில் எழுத்து ஓடியது.

மறுபடி அமுக்கினார். அதே எழுத்து. கதவைத் திறந்து மூடினார். கேமராவை உலுக்கினார். வளர்மதி கல்லிலிருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். திரும்பிப் போகும் பஸ் ஒன்றுதான்.

நாச்சிமுத்து சமையற்கட்டுக்கு ஓடினார்.

"அம்மா, பூட்டிக்கிச்சுங்க! நேத்து நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கடைக்காரன்தான் என்னமோ பண்ணிப்போட்டான். இல்லீன்னா எனக்கு விதிச்சதே இவ்வளவுதானாட்டம் இருக்குது."

குரு கையைத் துடைத்துக்கொண்டு அடாப்டரை வெளியே எடுத்தார். அதன் இடது ஓரத்தில் எள் அளவுக்கு ஒரு வெள்ளைத் துண்டு கீழே இறங்கியிருந்தது.

"இதுதான் பூட்டு."

"யாருங்க பூட்டுனது?"

"நீங்க பூட்டினீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. அப்படியொண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது."

"உள்ள தள்ளறப்ப நகம் பட்டு இறங்கியிருக்கும்."

"அப்பக் கார்டு கெட்டுப்போச்சுங்களா?"

குரு அடாப்டருக்குள்ளிருந்து சின்னக் கார்டை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல பூட்டு எங்க இருக்குன்னு பாருங்க."

நாச்சிமுத்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓரங்களைத் தடவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லீங்களே."

"இல்லை. அது உறையிலதான். பூட்டியிருக்கிற விஷயமே கார்டுக்குத் தெரியாது."

"தெரியாதுங்களா?"

"தெரியாது."

நாச்சிமுத்து அப்படியே நின்றார். முகத்தில் தெளிவு வந்தது என்று சொன்னால் பொய். குழப்பம்தான் இன்னும் கூடியது. அவர் கார்டை ஒரு கையிலும் அடாப்டரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, கேமராவை அடுப்படியிலேயே மறந்துவிட்டு, முற்றத்துக்குப் போனார். மகளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"கண்ணு, இது பூட்டிக்கிச்சு" என்றார்.

ஐந்து வருஷத்துக்குப் பிறகு மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

வளர்மதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை நீட்டி வாங்கிப் பார்த்தாள்.

"நான் பூட்டல கண்ணு. உள்ள தள்ளுன வேகத்துல அதுவா இறங்கிருச்சு. உள்ள இருக்கற கார்டுல பூட்டே இல்ல, நீயே பாரு. அதுக்குப் பூட்டுனதே தெரியாதாமா." அவர் குரல் உடைந்தது. "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது வளரு. சொன்ன அன்னிக்கு ராத்திரியே வாசல்ல வந்து நின்னு பாத்தேன். நீ போயிட்ட."

வளர்மதி அடாப்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வெள்ளைத் துண்டை மேலே ஏற்றினாள்.

"எனக்கும் இப்படித்தான்ப்பா ஆகும்" என்றாள். "கூப்பிடலாமுன்னு போன எடுப்பேன். உங்க பேரு வரைக்கும் வந்துட்டு வெச்சுருவேன்."

பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் அழுதால் என்ன என்று யோசித்து, வேண்டாமென்று விட்டுவிட்டு வேப்பம்பழம் பொறுக்கப் போனது.

பஸ் வருவதற்குள் படம் எடுத்தாயிற்று. குழந்தையை வளர்மதி எடுத்தாள், வளர்மதியை நாச்சிமுத்து எடுத்தார், மூன்று பேரையும் சேர்த்துக் குரு எடுத்தார். அதில் நாச்சிமுத்துவின் தலை பாதிதான் விழுந்திருக்கிறது. குருவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும்.

பஸ் போன பிறகு நாச்சிமுத்து திரும்பி வந்து குருவுக்கு எதிரில் உட்கார்ந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தார். ஆனாலும் ஏதோ ஒன்று அரித்தது.

"அம்மா, அடுத்த மாசம் மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வர்றாளாம்."

"நல்லது."

"என் வாயி எப்படின்னு உங்களுக்குத் தெரியும். அவளுக்கும் எம்பட கோவந்தான்." அவர் அடாப்டரை எடுத்து அந்த ஓரத்தைத் தடவினார். "இது மறுபடியும் இறங்கிருச்சுன்னா என்னங்க பண்றது?"

குரு முறத்தில் கிடந்த வேப்பம்பழங்களைப் பார்த்தார். பேத்தி விட்டுவிட்டுப் போனவை.

"இறங்கும், ஐயா" என்றார். "ஏத்தி விட்டுக்குங்க."